வில்ஹெல்மினா கெடிஸ்: வண்ணக் கண்ணாடியில் ஒரு வாழ்நாள்

நூற்றாண்டு மலருக்கென்று பழைய படங்களைத் திரட்டத் தொடங்கியபோது நாம் முதலில் முட்டிக்கொண்ட இடம் பெயர்கள்தான். படங்கள் பல வீடுகளிலிருந்தும் வந்தன. முன்வரிசைக் கதிரைகளில் ஆசிரியர்கள், அவர்களுக்குப் பின்னால் வாங்குகளின் மேல் ஏறி நிற்கும் இரட்டைப் பின்னல் மாணவியர். படத்தின் பின்புறத்தைத் திருப்பினால் ஆண்டு மட்டும் பென்சிலால் எழுதியிருக்கும். அதிபரின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. பரிசளிப்பு விழா மேடையின் திரைச்சீலையில் சித்திரம் வரைந்தவர் யார், சங்கத்தின் முதற்கொடியைத் தைத்தவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்ல இயலவில்லை.

அந்த வேலையின் நடுவே, கனடாவில் வாழும் எமது பழைய மாணவி ஒருவர் ஒட்டாவாவில் தாம் கண்ட ஒரு தேவாலய யன்னலைப் பற்றி எழுதியிருந்தார். அதைச் செய்தவர் ஒரு பெண் என்பது அவருக்கு வியப்பாக இருந்தது. எமக்கும் அப்படித்தான். தேடிப் படித்தோம். படிக்கப் படிக்க, அது ஒரு பெண்ணின் கதையாக மட்டும் நிற்கவில்லை. ஒருவரை ஒருவர் கைபிடித்து உள்ளே அழைத்த பல பெண்களின் கதையாக விரிந்தது. பழைய மாணவியர் சங்கமொன்றின் மலரில் அதற்கு ஓர் இடம் உண்டென்று எண்ணியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பெல்பாஸ்ற் நகரத்துச் சிறுமி

வில்ஹெல்மினா கெடிஸ் 1887 ஆம் ஆண்டு மே மாதம் அயர்லாந்தின் லீற்றிம் மாவட்டத்தில் பிறந்தார். தந்தையார் புகையிரதப் பாதை வேலைகளிலும் பின்னர் கட்டட ஒப்பந்த வேலைகளிலும் ஈடுபட்டவர். கெடிஸ் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பெல்பாஸ்ற் நகரில் குடியேறியது. மெதடிஸ்த குடும்பம், படித்ததும் அந்நகரின் மெதடிஸ்த கல்லூரியில்.

சிறு வயதிலேயே அவருக்கு வரைவதில் நாட்டம் இருந்தது. அக்காலத்தில் வரையத் தெரிந்த பெண்பிள்ளைக்கு வீட்டில் பாராட்டு உண்டு. அதைத் தொழிலாகக் கொள்வதற்கு வழி அரிது. அவ்வழியைக் காட்டியவர் றோசமண்ட் பிரேகர். பெல்பாஸ்றுக்கு அருகே ஹொலிவுட் என்னும் ஊரைச் சேர்ந்த பெண் சிற்பி. லண்டனில் கலை பயின்று, சொந்த ஊருக்குத் திரும்பி, தம் கைத்தொழிலால் வாழ்ந்து காட்டியவர். அவர் அளித்த ஊக்கத்தோடு கெடிஸ் பெல்பாஸ்ற் ஓவியப் பள்ளியில் பயின்றார்.

1910 இல் அயர்லாந்தின் கலை கைவினைச் சங்கம் நடத்திய கண்காட்சியில் கெடிஸ் வரைந்த நீர்வர்ண ஓவியம் ஒன்று வைக்கப்பட்டது. சிண்டரெல்லா தன் அக்காளுக்கு உடுத்திவிடும் காட்சி அது. கண்காட்சிக்கு வந்த அறுபது வயது கடந்த ஓர் அம்மையார் அதைப் பார்த்தார். இருபத்துமூன்று வயதுப் பெண்ணின் கோடுகளில் கண்ணாடிக்கு வேண்டிய உறுதி இருப்பதை அவர் கண்டார். அந்த அம்மையார்தான் சாரா பேர்சர்.

கண்ணாடிக் கோபுரம்

சாரா பேர்சரின் வாழ்க்கையும் சொல்லத்தக்கது. 1848 இல் பிறந்தவர். தந்தையாரின் மா ஆலைத் தொழில் நொடித்தபோது, தம் கையால் உழைத்தே வாழவேண்டும் என்ற நிலை வந்தது. பாரிஸ் சென்று பயின்று திரும்பி, உருவப்பட ஓவியராகப் பெயரும் பணமும் ஈட்டினார். பின்னாளில், 1924 இல், அயர்லாந்தின் றோயல் ஹைபேர்ணியன் அக்கடமியில் முழு உறுப்பினராகத் தெரிவான முதற்பெண் அவரே.

அக்காலத்தில் அயர்லாந்தின் தேவாலயங்களுக்கு வேண்டிய வண்ணக் கண்ணாடி யன்னல்கள் பெரும்பாலும் ஜேர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்திறங்கின. பெரிய வணிக நிறுவனங்களில் ஒருவர் வரைவார், வேறொருவர் வெட்டுவார், இன்னொருவர் தீட்டுவார். ஒரே முகம் பல ஊர்களின் யன்னல்களிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். இதனால் மனம் நொந்தவர்களில் ஒருவர் எட்வேட் மார்ட்டின் என்னும் எழுத்தாளர். அவருடைய தூண்டுதலாலும் தம் சொந்தப் பணத்தாலும் பேர்சர் 1903 இல் டப்ளினில் ஒரு கூட்டுறவு வேலைத்தலத்தைத் தொடங்கினார். அதன் ஐரிஷ் பெயர் ‘அன் டூர் குளோனே’; கண்ணாடிக் கோபுரம் என்று பொருள். அப்போது பேர்சருக்கு வயது ஐம்பத்துநான்கு.

அங்கே ஒரு விதி இருந்தது. ஒரு யன்னலை எடுக்கும் கலைஞரே அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யவேண்டும். வரைவும் அவருடையது, கண்ணாடித் தெரிவும் அவருடையது, தீட்டலும் அவருடையது. வேலைத்தலத்தின் கலைஞர்களில் பெண்களே கூடுதல். பியற்றிஸ் எல்வெரி, எதெல் றைன்ட், கத்தரின் ஓபிறையன் ஆகியோர் அவர்களுள் சிலர். இங்கேதான் கெடிஸ் வந்து சேர்ந்தார். புனித கொல்மனின் வாழ்வைக் காட்டும் மூன்று சிறு பலகங்கள் அவருடைய ஆரம்ப வேலைகளில் ஒன்று. இன்று அவை டப்ளின் ஹியூ லேன் கலைக்கூடத்தில் உள்ளன.

ஒரு யன்னல் உருவாகும் விதம்

வெயில் படும் நேரத்தில் நிறக் கண்ணாடியின் அழகை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் பின்னாலுள்ள உடலுழைப்பை அறிந்தவர் குறைவு.

முதலில் சிறிய அளவில் ஒரு மாதிரி வரையப்படும். அதைக் கட்டளையிட்டவர் ஏற்றுக்கொண்டால், யன்னலின் உண்மையான அளவிலேயே முழு வரைபடம் தயாராகும். பதினைந்து அடி யன்னலென்றால் பதினைந்து அடி வரைபடம்; ஏணியில் நின்றுதான் வரையவேண்டும். எங்கெங்கே ஈயக்கோடு ஓடும் என்பதை அதிலிருந்து வேறொரு தாளில் பிரித்தெடுப்பார்கள். பிறகு கண்ணாடியைத் தெரிய வேண்டும். நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. உருக்கும்போது கோபால்ட் சேர்த்தால் நீலம் வரும். செம்போ பொன்னோ சேர்த்தால் சிவப்பு. மேலே தீட்டுவது நிறத்துக்காகச் செய்வதன்று. இரும்பொட்சைட்டும் கண்ணாடித் தூளும் கலந்த கரும்பழுப்புக் குழம்பைத் தீட்டி, வரும் ஒளியை வேண்டிய இடத்தில் தடுப்பார்கள். முகத்தின் சுருக்கம், விரலின் மூட்டு, துணியின் மடிப்பு எல்லாம் அந்தத் தடுப்பினால் உண்டாகுபவை. பிறகு ஏறத்தாழ 650 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சூளையில் வைத்துச் சுடுவார்கள். தீட்டியது கண்ணாடியோடு உருகி ஒன்றாகிவிடும். அதன்பின் அழிக்க முடியாது.

இறுதியில் துண்டுகள் ஒவ்வொன்றையும் இருபுறமும் பள்ளமுள்ள ஈயப் பட்டிகளில் பொருத்தி, மூட்டுகளுக்குப் பற்றாசு வைத்து, இடைவெளிகளில் ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத் தூளும் கலந்த பசையைத் தேய்த்து அடைப்பார்கள். காற்றையும் மழையையும் தாங்குவதற்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் வரும். நூறாண்டு நின்ற யன்னலைப் பார்க்கும்போது, அதைத் தாங்கி நிற்பது பசையும் ஈயமும் கம்பியுந்தான் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கனத்த வேலை கெடிஸின் இயல்புக்குப் பொருந்தியது. அவருடைய யன்னல்களில் மென்மையான, வெளிறிய தேவதூதர்களைக் காண்பது கடினம். தடித்த கழுத்தும் ஆழ்ந்த கண்ணும் உள்ள மனிதர்கள் நெருங்கி நிற்பார்கள். ஈயக்கோட்டை மறைக்க அவர் முயலவில்லை. சித்திரத்தின் முதன்மைக் கோடாகவே அதை ஆக்கினார். பிரான்ஸ், இங்கிலாந்துப் பேராலயங்களின் மத்தியகாலக் கண்ணாடிகளே அவருடைய உண்மையான பாடப்புத்தகம் எனலாம்.

ஒட்டாவாவின் யன்னல்

முதலாம் உலகப் போர் அவருடைய வாழ்க்கையில் ஒரு பெரிய கட்டளையைக் கொண்டுவந்தது. 1911 முதல் 1916 வரை கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்தவர் கொனோட் கோமகன். அவருடைய பணியாளர் குழாமில் பத்துப் பேர் போரில் மாண்டனர். அவர்களின் நினைவாக ஒட்டாவாவில் ஆளுநர் மாளிகைக்கு அருகிலுள்ள புனித பார்த்தலோமியு தேவாலயத்தில் ஒரு யன்னல் வைக்கக் கோமகன் விரும்பினார். வேலை டப்ளின் வேலைத்தலத்துக்கு வந்தது. பேர்சர் அதைக் கெடிஸிடம் கொடுத்தார். அவருக்கு அப்போது முப்பது வயதளவுதான்.

போர் நினைவு யன்னல்கள் அந்நாளில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. பெரும்பாலானவற்றில் இளம் வீரன் அழகாகத் துயில்வான். வானிலிருந்து ஒளி இறங்கும். கெடிஸ் வேறு வழியிற் சென்றார். மாண்ட வீரன் மறுகரைக்கு வந்து சேர்கிறான். பழங்கால வீரர்களும், போராளிகளாயிருந்த புனிதர்களும், தேவதூதர்களும் அவனை எதிர்கொள்கிறார்கள். அவனுடைய முகத்தில் வெற்றிக்களிப்பு இல்லை, களைப்பு இருக்கிறது. வரவேற்பவர்கள் அந்தக் களைப்பை அறிந்தவர்களாக நிற்கிறார்கள். போரை வீட்டு வாசலில் கண்ட எமது தலைமுறையினருக்கு அந்த முகம் புதியதன்று.

1919 இல் வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்துவைத்தார். இங்கிலாந்தின் வடகிழக்கே வோல்சென்ட் நகரின் புனித லூக்கா தேவாலயத்துக்கு 1922 இல் அவர் செய்த பெரிய சிலுவை யன்னலும் போர் நினைவாக அமைந்ததே.

லண்டனில் ஒரு கண்ணாடி வீடு

1925 இல் கெடிஸ் டப்ளினை விட்டு லண்டனுக்குப் போனார். அவர் சென்றடைந்தது புல்ஹம் பகுதியில் லெற்றிஸ் வீதியிலிருந்த ‘கிளாஸ் ஹவுஸ்’ என்னும் கட்டடம். இந்தக் கட்டடத்தின் பின்னாலும் ஒரு பெண் இருக்கிறார்.

அவர் மேரி லவுண்ட்ஸ். 1857 அளவில் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகளாகப் பிறந்து, கலைப் பள்ளியில் பயின்று, கண்ணாடி வேலையின் ஒவ்வொரு படியையும் தொழிலாளரோடு நின்று கற்றவர். வரைபடம் கொடுப்பதற்கு மட்டுமே பெண்களை அனுமதித்த தொழில் அது. சூளையும் ஈயமும் ஆண்களின் கையில் இருந்தன. 1897 இல் லவுண்ட்ஸ், அல்பிரட் டுரூரி என்னும் தேர்ந்த கண்ணாடித் தொழிலாளியைப் பங்காளியாகக் கொண்டு சொந்த நிறுவனம் தொடங்கினார். 1906 இல் அது புல்ஹமில் இதற்கென்றே கட்டிய இடத்துக்கு மாறியது. உயர்ந்த யன்னல்களோடு கூடிய வேலையறைகள், சூளைகள், வெட்டுவோர், ஈயம் பொருத்துவோர் எல்லாம் ஒரே கூரையின் கீழ். சொந்தமாகச் சூளை வைக்க வசதியில்லாத கலைஞர் ஒருவர் அங்கே அறை எடுத்துத் தம் யன்னலைத் தாமே செய்து முடிக்கலாம். கரொலைன் ரவுன்சென்ட், மார்கிறற் றோப், தியோடோரா சொல்ஸ்பரி முதலிய பெண் கலைஞர்கள் பலருக்கு இவ்வசதி வாழ்வளித்தது.

இதே லவுண்ட்ஸ்தான் 1907 இல் பெண்கள் வாக்குரிமைக்கான ஓவியர் கழகத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டின் பெரும் ஊர்வலத்துக்கு வேண்டிய பதாகைகளை வரைந்து தைப்பித்தவர். யன்னலில் நிறங்களைப் பிரித்து நிறுத்தக் கற்ற கண், வீதியில் தூரத்திலிருந்து தெரியும் பதாகையையும் அமைத்தது. பிரித்தானியப் பெண்களுக்கு ஆண்களோடு சமமான வாக்குரிமை 1928 இல் கிடைத்தது. லவுண்ட்ஸ் அதைக் கண்டு, மறு ஆண்டு காலமானார். எமது இலங்கையில் பெண்கள் வாக்களிக்கும் உரிமை பெற்றது 1931 இல் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

கெடிஸ் அந்தக் கட்டடத்திலேயே முப்பது ஆண்டுகள் வேலை செய்தார். பணம் பெரிதாக வரவில்லை. வேலையைத் தாமே முழுதாகச் செய்பவர் ஆண்டுக்குப் பல யன்னல்கள் செய்ய இயலாது. உடல்நலமும் மனநலமும் அடிக்கடி தளர்ந்தன. ஆயினும் தரத்தை அவர் தளர்த்தவில்லை. பெல்பாஸ்ற் அருங்காட்சியகத்துக்கென்று, அன்னப்பறவைகளாக மாற்றப்பட்ட லீர் மன்னனின் பிள்ளைகளின் ஐரிஷ் பழங்கதையை எட்டுப் பலகங்களில் செய்தது இக்காலத்தில்தான்.

அவருடைய மிகப்பெரிய வேலை பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் இருக்கிறது. முதலாம் போரில் அந்நகர் குண்டுகளால் தரைமட்டமானது. பின்னர் பழைய வடிவத்திலேயே கட்டியெழுப்பினார்கள். போர்க்காலத்தில் பெல்ஜியப் படைகளோடு நின்ற அல்பேட் மன்னர் 1934 இல் மலையேறும்போது விழுந்து இறந்தார். அவர் நினைவாகப் பிரித்தானியத் தரைப்படையும் விமானப்படையும் புனித மார்ட்டின் தேவாலயத்துக்கு ஒரு பெரிய வட்ட யன்னலை அன்பளிப்பாக அளிக்க முன்வந்தன. அதைச் செய்யும் பொறுப்பு கெடிஸுக்குக் கிடைத்தது. 1938 இல் அது நிறைவேறியது. அந்நகரின் மெனின் வாயிற் சுவர்களில், புதைத்த இடம் அறியப்படாத 54,000 க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வட்ட யன்னல் அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்ப்போரில் எத்தனை பேர் அதைச் செய்த கெடிஸை அறிவார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கைமாறிய தொழில்

1930களில் ஈவி ஹோன் என்னும் ஓவியர் டப்ளினிலிருந்து லண்டனுக்கு வந்து கெடிஸிடம் கண்ணாடி வேலையைக் கற்றார். பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டுக் காலும் கையும் பாதிக்கப்பட்டவர். பாரிஸில் புத்தோவியம் பயின்று, நாற்பதை நெருங்கும் வயதில் ஏணியும் சூளையும் ஈயமும் கொண்ட தொழிலைத் தேடி வந்தார். தாம் அறிந்ததைக் கெடிஸ் அவருக்குக் காட்டிக் கொடுத்தார். பின்பு ஹோன் டப்ளின் வேலைத்தலத்தில் சேர்ந்தார்.

1940 டிசம்பரில் ஈட்டன் கல்லூரி மீது விழுந்த குண்டு அதன் தேவாலய யன்னல்களைச் சிதைத்தது. போர் முடிந்தபின் கிழக்குப் பக்கத்துப் பெரிய யன்னலைச் செய்யும் பணி ஈவி ஹோனுக்கு வந்தது. 1949 இல் தொடங்கி 1952 இல் முடித்தார். ஆண்பிள்ளைகள் மட்டுமே படிக்கும் அந்தப் பழம்பெரும் கல்லூரியில், மாணவர்கள் வழிபாட்டின்போது நிமிர்ந்து பார்ப்பது ஒரு பெண்ணின் கைவேலை. ஹோன் கெடிஸிடம் கற்றார். கெடிஸைப் பேர்சர் அழைத்தார். அதற்கு முன் பிரேகர் ஊக்கம் கொடுத்தார். லவுண்ட்ஸ் கட்டிய வீடு அவர்களுக்குச் சூளை தந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் ஈட்டனின் யன்னல் வேறு யாருடையதாகவோ இருந்திருக்கும்.

ஆசிரியரும் மாணவியும் ஒரே ஆண்டில் மறைந்தனர். ஹோன் 1955 மார்ச்சில். கெடிஸ் அதே ஆண்டு ஆகஸ்டில், லண்டனில். ஹோனின் புகழ் ஓரளவு நிலைத்தது. கெடிஸின் பெயர் துறைசார்ந்த சிலரின் வாயில் மட்டும் எஞ்சியது. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளின் பின், 2015 இல், நிக்கோலா கோர்டன் போவ் என்னும் கலை வரலாற்றாசிரியர் அவருடைய வாழ்வையும் வேலையையும் பற்றிய முழு நூலை வெளியிட்டார். ஊர் ஊராகத் தேவாலயக் கதவுகளைத் தட்டி, கடிதங்களையும் வரைபடங்களையும் தேடி எடுத்த உழைப்பு அது. அவரும் ஒரு பெண் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கிலி இன்னொரு கண்ணி நீள்கிறது.

எமது பங்கு

இம்மலரைப் படிக்கும் எமது சகோதரிகள் இன்று உலகெங்கும் பரந்திருக்கிறீர்கள். ரொறன்ரோவில் இருப்போருக்கு ஒட்டாவா சில மணி நேரப் பயணந்தான். லண்டனில் இருப்போர் புல்ஹம் லெற்றிஸ் வீதியால் ஒருமுறை நடந்து பாருங்கள். அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பெல்ஜியத்துக்கோ பிரான்சுக்கோ போகிறவர்கள் ஈப்பரில் இறங்கலாம். காலை வெயிலில் ஒரு தரமும் மாலை வெயிலில் ஒரு தரமும் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரே யன்னல் இரண்டு யன்னல்களாகத் தெரியுமாம்.

இனி, நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். இம்மலரின் படப் பக்கங்களில் பல முகங்களின் கீழே பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். ஊகித்து எழுதிவிட மனம் வரவில்லை. உங்கள் அம்மாவோ, அம்மம்மாவோ, பெரியம்மாவோ அந்த வரிசைகளில் நிற்கக்கூடும். படத்தை அவர்களிடம் காட்டிக் கேளுங்கள். யார் யாருக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தார்கள், யார் யாரை மேடையேற்றினார்கள், அந்தத் திரைச்சீலையை வரைந்தவர் யார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். நினைவில் வைத்திருப்போர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் அந்தப் பெயர்களை அச்சிடுவோம்.